வாஷிங்டன் ரோப்ளிங்: ஜன்னலோரம் அமர்ந்து பாலம் கட்டியவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அதன் தலைமைப் பொறியாளர் யார் என்று கேட்டால் பலர் அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்வார்கள். அண்மைக் காலத்தில் வேறு சிலர் அவருடைய மனைவியின் பெயரைச் சொல்கிறார்கள். நடுவில் மனிதர் காணாமல் போய்விட்டார். 13 ஆண்டுகள் அந்த வேலையைச் சுமந்த வாஷிங்டன் ரோப்ளிங்கைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

ரோப்ளிங் என்ற பெயரில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்?

குழப்பம் நியாயமானதுதான். ஜான் ரோப்ளிங் என்பவர் அப்பா. ஜெர்மனியின் மியூல்ஹவுசனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். முறுக்கிய இரும்புக் கம்பிவடம் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கியவர். புரூக்ளின் பாலத்தைத் திட்டமிட்டவர். அவருடைய மூத்த மகன் வாஷிங்டன், பாலத்தைக் கட்டியவர். வாஷிங்டனுடைய மகனுக்குத் தாத்தா பெயரே வைக்கப்பட்டது, ஆகவே அவரும் ஜான் ரோப்ளிங். வாஷிங்டனுடைய தம்பி சார்லஸ் தன் மகனுக்கு அண்ணன் பெயரை வைத்தார். அந்த இளைய வாஷிங்டன் 1912-ல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப் போனார்.

அப்பாவையும் தன்னையும் பிரித்துச் சொல்லி அலுத்துப்போன வாஷிங்டன், முதுமையில் அந்த முயற்சியையே கைவிட்டார். தான் 1869-லேயே இறந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள் என்று வேடிக்கையாக எழுதினார். 1869 அவருடைய அப்பா இறந்த ஆண்டு.

அவர் பிறந்ததும் படித்ததும் எங்கே?

1837 மே 26 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தில், அப்பா நிறுவிய சாக்சன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறகு குடும்பம் நியூஜெர்சியின் டிரென்டன் நகருக்குப் போனது. டிராய் நகரிலுள்ள ரென்சலர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1857-ல் சிவில் இன்ஜினியர் பட்டம் பெற்றார். படிப்பு முடிந்ததும் பிட்ஸ்பர்க்கில் அப்பா கட்டிக்கொண்டிருந்த அலிகெனி ஆற்றுப் பாலத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

அப்பாவும் மகனும் ஒற்றுமையாக இருந்தார்களா?

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். வாஷிங்டன் முதுமையில் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்தார். அதில் அவருடைய மேதைமையை மறைக்கவில்லை, கொடுமையையும் மறைக்கவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கும் மனிதர் அவர். மருந்து, மருத்துவர் இரண்டையும் நம்பாமல், எந்த நோய்க்கும் தண்ணீர் வைத்தியமே போதும் என்று வீட்டில் எல்லோர் மீதும் அதைத் திணித்தவர். அப்பா அடிக்கடி வெளியூர் வேலைக்குப் போனது பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வாஷிங்டன் நல்ல குடும்பத் தலைவராக இருந்தார் என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை.

போரில் உண்மையிலேயே சண்டையிட்டாரா, பாலம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாரா?

இரண்டும் செய்தார். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்குத் தரப்பில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பட்டம் பெற்ற பொறியாளர், பணக்காரத் தொழிலதிபரின் மூத்த மகன்; நினைத்திருந்தால் வேறு வழி தேடியிருக்கலாம். பீரங்கிப் படையில் இருந்தார். பிறகு மேலிடம் இவருடைய தொழிலைத் தெரிந்துகொண்டு ராப்பஹானக் ஆற்றிலும், ஹார்ப்பர்ஸ் பெர்ரி அருகே ஷெனண்டோவா ஆற்றிலும் படைகள் கடக்கத் தொங்கு பாலங்கள் கட்ட வைத்தது. பலூனில் ஏறி எதிரிப் படையின் நடமாட்டத்தைக் கவனிக்கும் வேலையும் பார்த்தார்.

1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றில் இருந்தார். ஜெனரல் வாரன் அந்தக் குன்றின் மீது ஏறிப் பார்த்தபோது அங்கே காவலுக்குப் படையே இல்லை. எதிரி அதைப் பிடித்திருந்தால் அன்றைய சண்டையின் போக்கே மாறியிருக்கும். அவசரமாகத் துருப்புகளும் பீரங்கிகளும் வரவழைக்கப்பட்டன. பாறை நிறைந்த அந்தச் சரிவில் குதிரைகளால் மட்டும் பீரங்கியை இழுக்க முடியவில்லை. கை கொடுத்து இழுத்துத் தள்ளி மேலே ஏற்றியவர்களில் வாரனின் உதவி அதிகாரியான ரோப்ளிங்கும் ஒருவர்.

1865 ஜனவரியில் படையிலிருந்து விலகினார். வீரச் செயல்களுக்காகக் கர்னல் என்ற மதிப்புப் பட்டம் கிடைத்தது. பாலத்தில் வேலை பார்த்தவர்கள் அவரைக் கடைசிவரை ‘கர்னல்’ என்றே குறிப்பிட்டார்கள்.

என் கருத்தில், அவருக்குப் போர் கற்றுக்கொடுத்தவற்றில் முக்கியமானது எழுத்து. ஜெனரலின் உதவி அதிகாரியின் தினசரி வேலை கட்டளைகளை எழுதுவது. எதிரில் இல்லாத ஒருவர், சந்தேகம் கேட்க வழியில்லாத இடத்தில், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு சரியாகச் செய்ய வேண்டும். ஒரு சொல் பிசகினால் ஆள் சாவான். பத்தாண்டு கழித்து இந்தப் பழக்கம் எப்படிக் கை கொடுத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

எமிலியை எங்கே சந்தித்தார்?

போர்முனையில். 1864 பிப்ரவரியில் படை முகாமில் அதிகாரிகள் ஒரு நடன விருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். அண்ணனைப் பார்க்க வந்திருந்த எமிலி வாரன் அதில் கலந்துகொண்டார். அந்த அண்ணன்தான் ஜெனரல் வாரன், ரோப்ளிங்கின் மேலதிகாரி. வாஷிங்டன் முதல் பார்வையிலேயே விழுந்துவிட்டார். அதன் பிறகு கூடாரத்திலிருந்தும் பதுங்குகுழியிலிருந்தும் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். 1865 ஜனவரி 18 அன்று எமிலியின் சொந்த ஊரான கோல்ட் ஸ்பிரிங்கில் திருமணம். ஆக, மேலதிகாரி மைத்துனராகிவிட்டார்.

1867-ல் அப்பா இருவரையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தேனிலவு என்று நினைக்க வேண்டாம். ஆற்றடியில் அழுத்தக் காற்றைச் செலுத்தி அஸ்திவாரம் தோண்டும் புதிய முறையை நேரில் பார்த்துப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது உத்தரவு. எமிலி அப்போது கருவுற்றிருந்தார். அந்த நவம்பரில் அவர்களுடைய ஒரே பிள்ளை ஜான், தாத்தா பிறந்த அதே மியூல்ஹவுசனில் பிறந்தான்.

32 வயதில் அவ்வளவு பெரிய பொறுப்பு எப்படி வந்தது?

ஒரு படகுத்துறை விபத்தால். 1869 ஜூன் 28 அன்று புரூக்ளின் கரையில் பாலக் கோபுரம் எங்கே வரும் என்று அளந்துகொண்டிருந்த அப்பாவின் காலைத் துறையில் வந்து மோதிய படகு நசுக்கியது. விரல்களை வெட்டியெடுத்தார்கள். மருத்துவர்களை விரட்டிவிட்டுக் காயத்தின் மீது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் பெரியவர். ரணஜன்னி கண்டு ஜூலை 22 அன்று இறந்தார்.

வரைபடம் இருந்தது, கட்டும் முறைக்கான விவரங்கள் பெரும்பாலும் இல்லை. அவற்றை அறிந்த ஒரே ஆள் மகன்தான். ஆகவே தலைமைப் பொறியாளர் பதவி அவரிடம் வந்தது. கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,595 அடி 6 அங்குலம். உலகில் அதுவரை எவரும் அவ்வளவு நீளத்துக்குத் தொங்கு பாலம் கட்டியதில்லை. 1870 ஜனவரியில் வேலை தொடங்கியது.

கெய்சான் என்கிறார்களே, அது என்ன?

உறைகிணறு இறக்குவதைப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். உறையைத் தரையில் வைத்து அதன் உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, உறை தன் பாரத்திலேயே கீழே இறங்கும். கெய்சானும் அப்படித்தான். வேறுபாடு, இது ஆற்றுக்கு அடியில் இறங்க வேண்டும். ஆகவே மேலே மூடி இருக்கும். ஒரு செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே காற்று நிற்பதுபோல, இந்தப் பிரம்மாண்டமான மரப்பெட்டியைக் கவிழ்த்து ஆற்றில் இறக்கி, உள்ளே தண்ணீர் ஏறாதபடி அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். உள்ளே ஆட்கள் நின்று தோண்டுவார்கள். பெட்டியின் கூரை மீது கற்கோபுரம் எழுந்துகொண்டே வரும். அந்தப் பாரம் பெட்டியைக் கீழே அழுத்தும். சரியான ஆழம் வந்ததும் உள்ளறையைக் கான்கிரீட்டால் நிரப்பிவிடுவார்கள். கோபுரங்கள் இன்றும் அந்த மரப்பெட்டிகள் மீதுதான் நிற்கின்றன.

புரூக்ளின் பக்கக் கெய்சான் 168 அடி நீளம், 102 அடி அகலம்.

உள்ளே எப்படி இருந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இரும்புக் குழாய் வழியாக இறங்கி, காற்றறை ஒன்றில் கதவை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சீறலோடு காற்று உள்ளே வரும். காது வெடித்துவிடும்போல வலிக்கும். அழுத்தம் சமமானதும் கீழ்க்கதவு திறக்கும். இறங்கினால் சேறு, ஆவி, வியர்வை. சிலர் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் வேலை பார்ப்பார்கள். குரல் மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். சீழ்க்கை அடிக்க முயன்றால் வராது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் அது தானாக மீண்டும் பற்றிக்கொள்ளும், அவ்வளவு அடர்த்தியான காற்று. கூலி நாளுக்கு 2 டாலர் அளவில்.

புரூக்ளின் பக்கம் அடியில் எங்கு பார்த்தாலும் பெரிய பாறை உருண்டைகள். சுத்தியலும் கடப்பாரையும் கொண்டு உடைத்ததில் வாரத்துக்கு 6 அங்குலம்தான் இறங்க முடிந்தது. வெடி வைத்தால் வேகமாகும். ஆனால் அடைபட்ட அழுத்தக் காற்றுக்குள் வெடித்தால் ஆட்களின் செவிப்பறை தாங்குமா, கதவுகள் தாங்குமா? யாருக்கும் தெரியாது. ரோப்ளிங் தன் கைத்துப்பாக்கியோடு உள்ளே இறங்கிச் சுட்டுப் பார்த்தார். எதுவும் ஆகவில்லை. அடுத்து சற்று அதிக வெடிமருந்து, பிறகு இன்னும் அதிகம். இப்படிப் படிப்படியாகச் சோதித்துத்தான் வெடி வைக்க அனுமதி கொடுத்தார். பிறகு வாரத்துக்கு 12 முதல் 18 அங்குலம் வரை இறங்கியது. தளத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் காட்சி பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆபத்தான சோதனையை மேஸ்திரியின் தலையில் கட்டாமல் தானே போய் நின்ற அதிகாரிகளை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தீ விபத்து ஒன்று நடந்ததாமே?

1870 டிசம்பர் 1 இரவு. கூரையின் மரச்சந்துகளை அடைத்திருந்த நாரில் மெழுகுவத்தி பட்டுத் தீப்பிடித்தது. அழுத்தக் காற்று நெருப்பை மரக்கட்டைகளுக்கு உள்ளே தள்ளியது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கூரையோ உள்ளே கனன்றுகொண்டிருந்தது. மேலே கோபுரத்தின் கற்பாரம். ரோப்ளிங் இரவு முழுவதும் கீழேயே இருந்து தீயணைப்பை நடத்தினார். விடியும் நேரம் சுருண்டு விழுந்த அவரை வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். சற்று நேரத்தில், துளையிட்டுப் பார்த்ததில் இன்னும் கங்கு கிடைக்கிறது என்று தகவல் வந்தது. எழுந்து திரும்பி வந்தார். கெய்சானையே தண்ணீரால் நிரப்ப உத்தரவிட்டார். தீ அணைந்தது. கரியைச் சுரண்டியெடுத்துக் கலவை அடைத்துக் கூரையைச் சரிசெய்யத் தச்சர்களுக்கு மாதக்கணக்காயிற்று.

அவருடைய உடல் முதன்முதலில் அடிவாங்கியது அந்த இரவில்தான்.

அவருக்கு வந்த நோய் என்ன?

கெய்சான் நோய். அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. மெதுவாக வெளியே வந்தால் அது மூச்சு வழியாகப் போய்விடும். சட்டென்று வெளியே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல உடலுக்குள்ளேயே குமிழாகிறது. மூட்டுகளில் தாங்க முடியாத வலி, வாதம், சில சமயம் சாவு. கடலடியில் முக்குளிப்பவர்கள் இன்றும் அஞ்சும் நோய் இதுதான். காரணத்தைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் விளக்கி வெளியிட்டது 1878-ல். ரோப்ளிங்கின் ஆட்கள் 1872-ல் சில நிமிடங்களில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

புரூக்ளின் பக்கம் 44 அடி 6 அங்குலத்தில் கெட்டியான தரை கிடைத்துவிட்டது. மறுகரையான நியூயார்க் பக்கம் (அப்போது இரண்டும் தனித்தனி நகரங்கள்) அப்படி அமையவில்லை. மணல், மேலும் மணல். 70 அடியைத் தாண்டியபோது சாதாரணக் காற்றைப் போல மூன்று மடங்கு அழுத்தம். வேலை நேரத்தை நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் என்று குறைத்தார்கள். மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேருக்குச் சிகிச்சை அளித்துக் குறிப்பெடுத்தார். மூன்று பேர் இறந்தார்கள்.

பாறையைத் தொடாமலே தோண்டுவதை நிறுத்திவிட்டார் என்பது உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவு அதுதான். பாலத்தின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

1872 மே மாதம். ஆழம் 78 அடி 6 அங்குலம். கீழே துளையிட்டுப் பார்த்ததில் பாறை மேடும் பள்ளமுமாக இருப்பது தெரிந்தது. முழுக் கெய்சானும் பாறையில் சமமாக உட்கார வேண்டுமென்றால் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். அது இன்னும் எத்தனை உயிர் கேட்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் கண்ணெதிரே சாகிற ஆட்கள். மறுபக்கம் தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டிய கற்கோபுரம். மணலில் நிறுத்தினால், நாளை ஒரு விரிசல் கண்டாலும் ஊர் அவரைத்தான் ஏசும்.

அவர் மணலை ஆராய்ந்தார். படிந்த நாள் முதல் அசையாமல் கிடந்து இறுகிய மணலும் சரளையும். பாறைக்கு நிகராக இது தாங்கும் என்று முடிவு செய்து மே 18 அன்று தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். கருணையால் மட்டும் நிறுத்தினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மண்ணின் இயல்பு வேறாக இருந்திருந்தால் அவரால் நிறுத்தியிருக்க முடியாது. அதேபோல, கணக்கு மட்டும் பார்ப்பவர் பாறை வரை தோண்டிவிட்டு, எவரும் குறை சொல்ல முடியாத இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார். அந்த 276 அடிக் கோபுரம் இன்றும் அதே மணலில் நிற்கிறது.

அந்த ஆண்டே அவரும் கெய்சானிலிருந்து வெளியே வந்து மீண்டும் விழுந்தார். இம்முறை முழுதாக எழவில்லை.

நோயாளியாக இருந்துகொண்டு 11 ஆண்டு எப்படி வேலையை நடத்தினார்?

1872-73 குளிர்காலத்தில், தான் பிழைப்போமா என்பதே தெரியாத நிலையில், மீதி வேலை ஒவ்வொன்றையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று குறிப்பும் படமுமாக எழுதிக் குவித்தார். வடத்தைக் கரையில் எப்படி நங்கூரமிடுவது, கம்பியை எப்படி இழுத்து நூற்பது, எது எதற்குப் பின் வர வேண்டும் என எல்லாம். போரில் கட்டளை எழுதிய கை அது. பிறகு கண்பார்வை மங்கியது. நரம்புத் தளர்ச்சியால் நீண்ட நேரம் பேசவோ, ஆட்களைச் சந்திக்கவோ முடியவில்லை. ஜெர்மனியில் சிகிச்சை, டிரென்டனில் ஓய்வு. 1877-ல் புரூக்ளினுக்குத் திரும்பி, ஆற்றைப் பார்த்த மேட்டுத் தெரு வீட்டில் ஜன்னலோரம் அமர்ந்து தொலைநோக்கியால் தளத்தைக் கவனித்தார்.

தளத்தில் மார்ட்டின், காலிங்வுட், பெய்ன் முதலிய உதவிப் பொறியாளர்கள் இருந்தார்கள். தலைமை இயந்திர வினைஞர் பாரிங்டன் இருந்தார். 1876 ஆகஸ்டில் வெறும் கம்பியில் கட்டிய பலகையில் உட்கார்ந்து ஆற்றை முதலில் கடந்தவர் அவர்தான். தலைவர் வீட்டில் முடங்கிவிட்டார் என்பதற்காக இவர்களில் யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை. அத்தகைய ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள் கையில் வேலையை விட்டதும் அவருடைய திறமைதான்.

அப்படியானால் பாலத்தைக் கட்டியது எமிலிதான் என்கிறார்களே?

எமிலி எழுத்தராக மட்டும் இருந்தார் என்பது பொய். கணவருக்குப் பதிலாகப் பாலத்தையே வடிவமைத்தார் என்பதும் பொய். முதலில் கணவர் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதுவது புரிய வேண்டுமே என்று கணிதமும், பொருள்களின் வலிமையும், தொங்கும் வடத்தின் வளைவுக் கணக்கும் படித்தார். நாள்தோறும் தளத்துக்குப் போய் உதவிப் பொறியாளர்களிடம் விவரம் சொன்னார், அவர்களுடைய கேள்விகளோடு திரும்பினார். போகப் போக எளிய கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லும் நிலை வந்தது. ஒப்பந்ததாரர்களும் அரசியல்வாதிகளும் வந்தால் முன்னறையில் உட்கார வைத்துப் பேசியவரும் எமிலிதான். பேசிவிட்டுப் போன சிலர், உண்மையான தலைமைப் பொறியாளர் இந்த அம்மாள்தான் என்று நம்பினார்கள்.

இதைப் போட்டியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மனைவிக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்து, அவர் சொல்லை என் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆண்கள் மட்டுமே இருந்த தளத்துக்கு அனுப்ப 1870-களில் எத்தனை கணவர்கள் துணிந்திருப்பார்கள்? அப்பா அம்மாவை நடத்திய விதத்தைப் பார்த்து வளர்ந்தவர் இவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்பி மோசடி என்ன கதை?

பாலத்தின் இரும்பு வேலையோடு சம்பந்தப்பட்ட நிறுவனத்தில் பாலத்தின் அதிகாரிகள் யாருக்கும் பங்கு இருக்கக் கூடாது என்று பாலத்தை நிர்வகித்த அறங்காவலர்களில் ஒருவரான ஏப்ரம் ஹூவிட் தீர்மானம் கொண்டுவந்தார். குறி யாருக்கு என்பது சொல்லாமலே விளங்கும். ரோப்ளிங் குடும்ப நிறுவனத்திலிருந்த தன் பங்குகளை விற்றுவிட்டார். அப்படியும் கம்பி ஒப்பந்தம் லாயிட் ஹே என்பவருக்குப் போனது. ஆளை நம்ப வேண்டாம் என்று ரோப்ளிங் எச்சரித்திருந்தார்.

1878-ல் குட்டு உடைந்தது. சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருள்களை வண்டியில் ஏற்றுவார்கள். வழியில் ஒரு கட்டிடத்தில் அவற்றை இறக்கிவிட்டு, கழித்துப் போட்ட கம்பியை ஏற்றிப் பாலத்துக்கு அனுப்புவார்கள். நல்ல சுருள் திரும்பவும் சோதனைக்கு வரும், திரும்பவும் தேறும். ஒரே சுருள் எத்தனை முறை பாஸ் ஆனதோ!

மோசமான கம்பி 200 டன்னுக்கு மேல் ஏற்கெனவே வடத்துக்குள் போய்விட்டது. பிரித்தெடுக்க வழியில்லை. ரோப்ளிங் கணக்குப் போட்டார். தேவையான வலிமையைப் போல ஆறு மடங்குக்கு வடிவமைத்திருந்தார். கெட்ட கம்பியால் அது ஐந்து மடங்குக்காவது நிற்கும். இருந்தாலும் ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார், ஒப்பந்ததாரர் செலவில். இப்போது ஒவ்வொரு வடத்திலும் 5,434 கம்பிகள். அந்தக் கெட்ட கம்பியும் அவற்றோடு சேர்ந்து இன்றும் பாலத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அவரைப் பதவியிலிருந்து நீக்கப் பார்த்தார்களா?

1882-ல். தளத்துக்கே வராத தலைமைப் பொறியாளர் எதற்கு என்று புரூக்ளின் மேயர் சேத் லோ கிளம்பினார். அந்தக் கோடையில் ரோப்ளிங் தம்பதி நியூபோர்ட்டில் இருந்தார்கள். மேயர் நேரில் வந்து, ஆலோசகர் என்ற பெயரோடு ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். ரோப்ளிங் மறுத்துவிட்டார். செப்டம்பரில் அறங்காவலர்களிடையே வாக்கெடுப்பு: நீக்க வேண்டும் என்று 7 பேர், வேண்டாம் என்று 10 பேர்.

குடும்பத்துக்கு அந்த ஆண்டில் அதைவிடப் பெரிய துக்கம் வேறு. போர் முடியும் தறுவாயில், 1865 ஏப்ரல் 1 அன்று, ஜெனரல் வாரனை அவருடைய மேலதிகாரி ஷெரிடன் களத்திலேயே பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தார். பல ஆண்டு போராடி வாரன் விசாரணை மன்றம் கேட்டு வாங்கினார். 1882 ஆகஸ்டில் அதே நியூபோர்ட்டில் இறந்தார். அவர் மீது பெரும்பாலும் குற்றமில்லை என்ற முடிவு அதன் பிறகு, நவம்பரில்தான் வெளியாயிற்று. அண்ணன் பெயர் கெட்டு, பிறகு காலங்கடந்து மீண்டதைப் பார்த்த எமிலி, கணவர் பெயருக்கும் அதே கதி வந்துவிடாமல் அறங்காவலர்களிடம் ஏன் அவ்வளவு முனைப்பாக நின்றார் என்பது எனக்குப் புரிகிறது.

திறப்பு விழாவுக்குப் போனாரா?

இல்லை. 1883 மே 24 அன்று அதிபர் செஸ்டர் ஆர்தர் பாலத்தை நடந்து கடந்தார்; பிறகு ரோப்ளிங் வீட்டுக்குப் போய்க் கைகுலுக்கினார். அதற்கு முன்பே எமிலி குதிரை வண்டியில், வெற்றிச் சின்னமாகக் கையில் ஒரு சேவலோடு பாலத்தைக் கடந்துவிட்டார். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி ஆரவாரித்தார்கள். விழா மேடையில், பெண்ணின் தியாகத்துக்கும் உயர்கல்விக்குரிய அவளுடைய ஆற்றலுக்கும் இந்தப் பாலம் நினைவுச் சின்னம் என்று எமிலியைப் புகழ்ந்து பேசியவர் யார் தெரியுமா? பங்குத் தீர்மானம் கொண்டுவந்த அதே ஹூவிட்.

அதன் பிறகு வேறு பாலம் கட்டினாரா?

இல்லை. 46 வயதில் தலைமைப் பொறியாளர் வேலை முடிந்தது. மகன் ரென்சலர் கல்லூரியில் சேர்ந்தபோது, பையனுக்குத் துணையாகத் தம்பதியும் டிராய் நகரில் குடியிருந்தார்கள். பிறகு டிரென்டனில் பெரிய வீடு கட்டிக்கொண்டார்கள். ரோப்ளிங் கனிமக் கற்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் இறந்தபின் மகன் அந்தச் சேகரிப்பை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தபோது அதில் சுமார் 16,000 கற்கள் இருந்தன.

எமிலிக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை, கணவர் தடுக்கவுமில்லை. 1896-ல் ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவுக்குப் போய் வந்தார். 1899-ல், 55 வயதில், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான சட்டப் படிப்பை முடித்தார். பரிசு பெற்ற அவருடைய கட்டுரை, மனைவி என்பதாலேயே ஒரு பெண் சட்டத்தில் எதையெல்லாம் இழக்கிறாள் என்பதைப் பற்றியது. 1903 பிப்ரவரி 28 அன்று புற்றுநோயால் இறந்தார். பல ஆண்டுகள் சாவின் விளிம்பில் கிடந்த கணவர் அவருக்குப் பின் 23 ஆண்டு வாழ்ந்தார்.

மறுமணம் செய்துகொண்டாராமே?

ஆம், 1908-ல், கொர்னீலியா என்ற விதவையை. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. தனிமையில் இருந்த எழுபது வயதுக்காரருக்குத் துணை கிடைத்தது. அதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

84 வயதில் மீண்டும் வேலைக்குப் போனார் என்பது நம்பும்படியாக இல்லையே?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. தம்பிகள் பெர்டினாண்டும் சார்லஸும் 1917, 1918 ஆண்டுகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். நிறுவனத்தை நடத்திய தம்பி மகன் கார்ல் 1921-ல் திடீரென்று இறந்துபோனார். நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. பெரியப்பா எழுந்தார். டிரென்டன் தெருக்களில் டிராம் பிடித்து ஆலைக்குப் போனார். ஆலையை மின்சாரத்துக்கு மாற்றினார். ஹட்சன் ஆற்றில் 1924-ல் திறந்த பேர் மவுண்டன் பாலத்துக்கு வடம் அவருடைய காலத்தில்தான் போனது. 1926 ஜூலை 21 அன்று 89 வயதில் இறக்கும்வரை தலைவர் அவர்தான்.

அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?

கோல்ட் ஸ்பிரிங்கில், எமிலி இருந்த அதே கல்லறைத் தோட்டத்தில். 1865-ல் படையிலிருந்து விலகிய கையோடு அவர் மாப்பிள்ளையாக வந்த ஊர் அது.